கட்டு போட்டாச்சு

"பொம்பளை உடம்பு என்னம்மா, பார்சலா? சுத்திச் சுத்திக் கட்டறதுக்கு!"

ஹாலில் நின்று கத்தினான் மகன். குழந்தை பிறந்ததிலிருந்து அவன் பெரிய முற்போக்குவாதி ஆகிவிட்டான்.

அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தோளில் பேத்தி, கையில் துவைத்து மடித்த நீளத் துணி. மருமகளின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பேத்தியோடு வெளியே வந்தாள். கையில் துணி இல்லை.

"வயித்துக்குக் கட்டு போட்டாச்சு. மத்தியானம் வரைக்கும் அவ எழுந்திருக்கக் கூடாது. ஆம்பளைங்க யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது."

"டாக்டரே கட்டெல்லாம் அவசியமில்லை, மெதுவா நடந்தா போதும்னு சொன்னாங்க!"

டாக்டர் சொன்னது நிஜம்தான். சமையலறைப் பக்கமாக நடக்க வேண்டும் என்பது மட்டும் அவனாகச் சேர்த்துக்கொண்டது.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு கொடுமையா? பாவம்மா அவ!"

ராத்திரி முழுக்கக் குழந்தை வீல் வீலென்று கத்தும்போதும் அவனுக்கு மனைவியைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆபீஸ் போகிற மனுஷன் தூங்க வேண்டாமா? தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குக் குடிபோய்விட்டான். பழைய அறையில் காலை வெயில் வேறு நேராக மூஞ்சியில் அடிக்கிறதாம். நன்றாகத் தூங்கினால்தானே விடிந்ததும் பெண் விடுதலை பேச முடியும்?

இன்றைக்கு விடுதலை கொஞ்சம் அவசரமாகத் தேவைப்பட்டது. குழந்தையைப் பார்க்க மேனேஜர் மனைவியோடு வருகிறார்.

"என் ஒய்ஃப் ரொம்ப ஆக்டிவ் சார். படுத்தே கிடக்கிற கதையெல்லாம் எங்க வீட்டுல கிடையாது. அவ கையால சாப்பிட்டுத்தான் போகணும்" என்று ஆபீஸில் அளந்துவிட்டு வந்திருந்தான். அந்தக் கைக்கு உரியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவங்க வர்ற நேரத்துக்காவது அவளை அவிழ்த்து விடும்மா."

"மாடா கட்டிப் போட்டிருக்கேன், அவிழ்த்து விட?"

"அப்ப சமையலை யாரு பார்க்கிறது?"

"உனக்கு ஒண்ணும் கட்டு போடலையே?"

மூடநம்பிக்கையை எதிர்ப்பதில் அவன் புலி. அம்மாவை எதிர்ப்பது வேறு இலாகா. முணுமுணுத்துக்கொண்டே போய்க் கடை கேக்கைத் தட்டில் அடுக்கினான்.

விருந்தாளிகள் வந்தார்கள். உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"எங்கம்மா கொஞ்சம் பழைய காலம் சார். வயித்தை இறுக்கிக் கட்டு போட்டு அவளைப் படுக்க வெச்சிருக்காங்க. ஒரு பொண்ணுக்கு அவ உடம்பு மேல உரிமை இல்லையா? அவ எழுந்து வந்து நாலு பேரைக் கவனிக்கக் கூட விட மாட்டேங்கறாங்க!"

"ரொம்ப கரெக்ட்" என்ற மேனேஜர், பக்கத்தில் பார்க்காமலேயே கையை நீட்டினார். அவர் மனைவி தண்ணீர் டம்ளரை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். வைத்துவிட்டு அம்மாவை ஒரு முறை முறைத்தாள்.

"ஏம்மா, பச்சை உடம்புக்காரியை இப்படியா போட்டு இறுக்கறது? மூச்சு முட்டாது?"

அம்மா பேத்தியின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"மேடம், நீங்களே போய் அவிழ்த்து விட்டுடுங்க. பொம்பளைங்க போகலாம்!" என்றான் மகன்.

அம்மா எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"வேண்டாம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அவளை விட்டுடுங்க."

"தள்ளுங்க நீங்க!"

மேனேஜர் மனைவி உள்ளே போனாள். மகனுக்கு நிம்மதி. இனி மனைவி முகம் கழுவி, நல்ல புடவை கட்டி, தட்டோடு வந்து நிற்பாள். மேனேஜர் அசந்துபோவார்.

உள்ளே சத்தமே இல்லை. வெகு நேரம் கழித்து மேனேஜர் மனைவி தனியாக வெளியே வந்தாள். கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

"அவிழ்த்துட்டீங்களா மேடம்?"

"அதை அவிழ்க்கவே கூடாது தம்பி. அம்மா சரியாத்தான் போட்டிருக்காங்க. மத்தியானம் என்ன, சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"சாயங்காலமா? அப்ப டீ..."

"நீங்கதான் போடணும். பாத்திரத்தை உருட்டாம போடுங்க. என்னங்க, நீங்களும் கூடப் போய்க் கத்துக்குங்க."

மேனேஜர் மிரண்டுபோய் எழுந்தார். மேனேஜரே எழுந்த பிறகு மகன் உட்கார்ந்திருக்க முடியுமா? பெண் விடுதலையின் காவலர்கள் இருவரும் டீத்தூள் டப்பாவைத் தேடிக்கொண்டு போனார்கள்.

மேனேஜர் மனைவி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து இப்படி நடக்குது?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததிலேர்ந்துதான்" என்றாள் அம்மா, தணிந்த குரலில். "ராத்திரி பூரா முழிச்சுக் கிடக்கறாம்மா. தூங்கறாள்னு சொன்னா, எழுப்பி வேலை சொல்லுவான். கட்டுன்னு சொன்னா, கத்துவானே தவிர உள்ளே போக மாட்டான். நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்."

மேனேஜர் மனைவி சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு ரகசியமாகக் கேட்டாள்.

"என் மருமகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். அந்தத் துணியை எங்கே வாங்கினீங்க? எனக்கு இன்னும் நீளமா வேணும்... எங்க வீட்டு ஜன்னல் பெருசு."