கடைசிக் கேள்வி

1962. வளர்ப்புக் குழந்தை கேட்டு விண்ணப்பித்திருந்த தெய்வானையின் பஃபளோ ரோடு வீட்டுக்கு நலத்துறை அதிகாரி மிஸ் லிம் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கேட்பதும் எழுதுவதும், பயிற்சிக்கு வந்த பல்கலைக்கழக மாணவி மங்களத்தின் வேலை.

மங்களம் அடுப்படியில் அரிசி டின்னைத் திறந்து பார்த்தாள். கொசுவலையில் ஓட்டை தேடினாள்.

“பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா?”

“ஆஸ்பத்திரி பக்கந்தாங்க. தூக்கிட்டு நடந்தே போயிருவேன்.”

“சேட்டை பண்ணினா அடிப்பீங்களா?”

தெய்வானை யோசித்தார். “ஒரே ஒரு தடவை அடிச்சிருக்கேன். அன்னிக்குப் பூரா நான்தான் அழுதேன்.”

மங்களத்தின் பேனா சற்று நின்று, பிறகு எழுதியது. இனிக் கடைசிக் கேள்வி.

“இதுக்கு முன்னாடி பிள்ளை வளர்த்திருக்கீங்களா?”

“ஒரு பொண்ணை எடுத்து வளர்த்தேங்க.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“நல்லாப் படிக்கிறா. அரிசி டின்னைத் திறந்தா மூடுற பழக்கம் மட்டும் இன்னும் வரலை.”

“என்ன சொல்கிறார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் மிஸ் லிம்.

மங்களம் எழுந்துபோய் டின்னை மூடிவிட்டு வந்தாள். படிவத்தையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள்.

“எங்க அம்மாவைப் பத்தி நான் எழுதக் கூடாது, மிஸ்.”