நாலு நிமிஷக் குளியல்

"பதினாலு நிமிஷம் ஆச்சு! வெளியே வா!" குளியலறைக் கதவை இடித்தாள் கியெரா. "நிமிஷத்துக்கு ஒன்பது லிட்டர். அப்படியே எங்க பள்ளி அறிவியல் இதழ்ல எழுதப்போறேன்."

"ஐயோ, என் பேரைப் போட்டுடாதே!" உள்ளேயிருந்து குரல் கெஞ்சியது. "ஒரு மாசம் நானே பாத்திரம் கழுவுறேன்."

"அங்கேயும் குழாயைத் திறந்து விட்டுட்டு நிப்பே."

"ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துறீங்களா?" சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்.

"நாலு நிமிஷத்துல எவனால குளிக்க முடியும்?" என்றது குரல்.

வறட்சி என்று கூரம்பா நகரத்தில் வீட்டுக்கு வீடு ஒட்டியிருந்த நோட்டீஸ் அந்தக் கதவிலும் இருந்தது. கியெரா அதை உரக்கப் படித்தாள்.

"'நான்கே நிமிடத்தில் குளிப்போம், நீரைக் காப்போம். இப்படிக்கு, கிரெஹாம் விட்லாக், தலைவர், குடிநீர் வாரியம்.'"

ஷவர் சட்டென்று நின்றது.

"அது ஊருக்காக எழுதினதும்மா!" என்றார் உள்ளேயிருந்து அப்பா.