பரந்தாமன் கொலை வழக்கு

வடபழனி வீட்டில் ஏகாம்பரம் சோபாவை விட்டு நகரவில்லை. டிவியில் ஓடியது ஊரே பார்த்து முடித்த மர்மத் தொடர். ஒளிபரப்பான காலத்தில் அந்தப் பக்கமே திரும்பாதவர், பத்து வருஷம் கழித்து இப்போது ஒரே மூச்சில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோமளம், தொழிலதிபர் பரந்தாமனைக் கொன்னது யாரு? தம்பிக்காரனா, டிரைவரா?"

"சொன்னா சுவாரசியம் போயிடும், பேசாம பாருங்க" என்று மனைவி சிரித்தாள்.

"தங்கமான மனுஷன்! இவ்ளோ சீக்கிரம் கொன்னிருக்க வேணாம்."

"உங்களுக்கு அவர் மேல எப்பவுமே ஒரு பாசம்!"

காபி ஆறியது. பக்கோடா தீர்ந்தது. கடைசி எபிசோடில் போலீஸ் சமையல்காரியின் கையில் விலங்கு மாட்டியதும் ஏகாம்பரம் துள்ளி எழுந்தார்.

"அடிப்பாவி! ஷூட்டிங்ல தினமும் எனக்குத் தயிர்சாதம் குடுத்துட்டு, கடைசில என்னையே கொன்னுட்டியே!"

கோமளத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்தம்மாவைத் திட்டாதீங்க. உங்களைக் கொன்னது நான்தான்."

"நீயா?"

"சீரியல்ல சான்ஸ் கிடைச்சா உங்களுக்கு மொட்டை போடறதா முருகனுக்கு வேண்டிக்கிட்டது நான்தானே? நீங்க மொட்டைத் தலையோட ஷூட்டிங்ல போய் நின்னீங்க. டைரக்டர் ஒரு தடவை பார்த்தாரு. அன்னிக்கே பரந்தாமன் போட்டோவுக்கு மாலை போட்டுட்டாரு!"