சாமி கொடுத்த உத்தரவு

கோயில் வாசலில் கருப்புக் கிடா கட்டப்பட்டிருந்தது, பக்கத்தில் வெட்டுகிற அரிவாள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தலையில் தண்ணீர் தெளித்ததும் அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், உடனே வெட்டிவிடுவார்கள்.

"அரிவாளண்ணே, என்னை வெட்டுறது பாவமில்லையா?" என்று கிடா கேட்டது.

"சாமி கேட்டா பாவமில்லடா."

"கேக்கலைன்னா?"

"மகாபாவம்."

"சாமி கேட்டதும் அந்தப் பாவம் எங்கே போயிடுது?"

இத்தனை வருஷம் வெட்டிய தலைகள் ஒவ்வொன்றாக அரிவாளின் ஞாபகத்துக்கு வந்தன.

தண்ணீர் விழுந்தது. கிடா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. சொம்பு சொம்பாக ஊற்றியும் அசையவில்லை.

"சிலுப்பிடாதடா தம்பி," என்று அரிவாள் கெஞ்சியது. அதன் குரல் நடுங்கியது.

அரிவாளே பயப்படுகிறதென்று தெரிந்ததும் கிடாவுக்கு உடம்பெல்லாம் உதறியது.

"சாமி உத்தரவு குடுத்துடுச்சு!" என்று பூசாரி கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள்.