விட்டுக்கொடுக்காத இடம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு வென்டிலேட்டரின் கதை சொல்கிறேன்.

பீளமேட்டு ஆபீஸில் ஃபெமினா அதன் கெர்னலை, அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை, சரிசெய்துகொண்டிருந்தாள். நோயாளியைக் கழற்றியதும் அவருக்கு ஒதுக்கிய மெமரியை அது விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் மெமரி நிரம்பி மெஷின் நின்றுபோய், அடுத்தவருக்கு மூச்சு நின்றுவிடும். ஓர் இடம் மட்டும் விடுபடவில்லை. போன மாதம் அந்த மெஷினிலேயே இறந்துபோன அவள் அப்பா கிளமென்டின் இடம்.

“உங்கப்பா பஸ் சீட்டையே விடமாட்டாரே அம்மணி! அழிச்சுப்போடு,” என்றார் மேனேஜர் பங்காரு.

“மூணு வாட்டி அழிச்சுட்டனுங்க. உபயோகத்துல இருக்குதுன்னே காட்டுதுங்க.”

“நாளைக்கு இன்னொருத்தருக்கு மாட்டோணும், கண்ணு.”

அவள் அந்த இடத்தை வலுக்கட்டாயமாக விடுவித்தாள்.

மேசையில், யாருக்கும் மாட்டாத அந்த மெஷினின் பிளாஸ்டிக் முகமூடிக்குள் காலையிலிருந்து படர்வதும் மறைவதுமாக இருந்த ஆவி, அதன்பின் படரவில்லை.

உங்கள் வீட்டில் ஒருவருக்கும் மூச்சு குறையாதிருக்கட்டும்.