முன்னால் வந்த பின்சக்கரம்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரத்துக்கு வெகுநாளாக ஒரு மனத்தாங்கல். “தள்ளுறது நான், முன்னால போய்ப் பேர் வாங்குறது நீ” என்று முன்சக்கரத்திடம் பொருமிக்கொண்டே இருக்கும்.

அன்று பந்தயத் தடத்தில் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கிவிட்டு, காரை ஓட்டிப் பார்த்தார்கள். வளைவு வந்தது.

“கொஞ்சம் அடங்கி வாண்ணே, வழுக்குது” என்றது முன்சக்கரம்.

“எனக்கே புத்தி சொல்றியா?” பின்சக்கரம் ஆத்திரத்தோடு ஒரே உந்தாக உந்தியது.

கார் பம்பரமாகச் சுழன்றது. எது கிழக்கு, எது மேற்கு என்றே பின்சக்கரத்துக்குப் புரியவில்லை. தலைசுற்றல் தெளிந்து பார்த்தால், கார் பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போகிறது.

“அட, நான்தான்டா இப்ப முன்னால!”

“சந்தோஷம்ணே. எதிர்ல சுவரு. சட்டுனு திரும்பு!”

பின்சக்கரம் திருதிருவென விழித்தது.

“திரும்புறதா? அது எப்படிடா?”