நாலாவது டாக்டர்

ஞாயிறு மத்தியானம் கிட்வாய் நகரில் மற்ற வீடுகளில் குறட்டை விடுவார்கள். மாதங்கி வீட்டில் கொள்ளைநோய் பரப்புவார்கள். பலகை விளையாட்டுதான். மாடிவீட்டு ப்ரசன்னாவும் அபூர்வாவும் அன்று புதிதாக நாலு அட்டைகள் கொண்டுவந்தார்கள். மூன்று டாக்டர், ஒரு துரோகி. டாக்டர்கள் ஊர்களைக் காப்பாற்ற வேண்டும். துரோகி ரகசியமாக நோயைப் பரப்ப வேண்டும்.

துரோகி தன் கணவர் கல்யாணராமன்தான் என்பதில் மாதங்கிக்குச் சந்தேகமே இல்லை. லக்னோவில் ஆபீஸ் டூர் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் வேறெங்கோ இருந்துவிட்டு வந்த மனுஷன் ஆயிற்றே! இன்றாவது நாலு பேர் முன்னால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

ஒவ்வொரு சுற்றிலும் நாலு பேரும் மூடிப் போட்ட ஆட்டச் சீட்டுகளில் ஒன்று நோய்ச் சீட்டாக இருந்தது. எல்லா ஊரும் போயிற்று.

“உங்க அட்டையைத் திருப்புங்கோ, பார்க்கலாம்” என்றாள் கணவரிடம்.

திருப்பினார். டாக்டர். ப்ரசன்னாவும் டாக்டர், அபூர்வாவும் டாக்டர், மாதங்கியும் டாக்டர். குலுக்கும் முன் எல்லோரும் பார்த்த துரோகி அட்டையைக் காணோம். மேஜைக்கு அடியில்கூடத் தேடினார்கள்.

“அச்சா, இப்ப யார்கிட்ட மன்னிப்பு கேட்கப் போறே?” என்று சிரித்தார் கல்யாணராமன்.

வந்தவர்கள் மாடியேறிய பிறகு மாதங்கி நாலு டாக்டர் அட்டைகளையும் அடுக்கினாள். மூன்று அட்டைகள் ஏசி காற்றில் சில்லென்று இருந்தன. பஜ்ஜி எண்ணெய்க் கறை பட்டிருந்த அவளுடைய அட்டை மட்டும் ஜுரக் குழந்தையின் நெற்றி மாதிரி சுட்டது. ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தாள். சூடு தணியவில்லை.

“என்னடி ஒளிக்கறே அங்கே?” பின்னால் கணவர் நின்றிருந்தார்.

“தோசை மாவு பொங்கிடுத்தான்னு பார்த்தேன்” என்றாள் மாதங்கி.

அவர் நகரவில்லை. லக்னோ டூர் முடிந்து வந்த அன்று அவள் அவரைப் பார்த்த மாதிரியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.